மேல் டிவிசன் ஏற்றம்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அண்ணனுக்கு விளங்க வைக்க ஒரு தீபாவளி லீவு முழுவதும் போயிற்று. கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனி. மின்சார ஆட்டோ செய்து விற்பது அவர்கள் திட்டம். அந்த ஆட்டோவில் டிரைவரின் சீட்டுக்குக் கீழே ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். மோட்டாரை எவ்வளவு வேகமாகச் சுற்ற வைப்பது, பேட்டரியிலிருந்து எவ்வளவு எடுப்பது, சூடு கூடினால் என்ன செய்வது என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். கன்ட்ரோலர் என்போம். அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

"அப்ப வண்டிய எங்க ஓட்டிப் பாப்பீங்க?" என்றார் அண்ணன்.

"வண்டியே இல்லண்ணே. பெட்டி மட்டும் மேசை மேல இருக்கும். பக்கத்துல சிமுலேட்டர்னு இன்னொரு மெஷின். மோட்டார் சுத்துது, பிரேக்க மிதிச்சாச்சு, பேட்டரி எறங்குதுன்னு அது வயர் வழியா சொல்லிக்கிட்டே இருக்கும். பெட்டி அத நம்பி, நெசமாவே வண்டியில இருக்கற மாதிரி வேல செய்யும். தப்பு பண்ணுதான்னு நான் பாப்பேன்."

அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டார்: "தப்பு பண்ணினா?"

"எழுதி வப்பேன்."

"அவ்வளவுதானா?" என்று சிரித்தார் அண்ணி. நானும் சிரித்தேன்.

எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, வட்டவளை டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அண்ணனும் அண்ணியும்தான். அண்ணி கொழுந்து எடுக்கப் போவார். அண்ணன் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியவில்லை. பழைய பெட்ரோல் ஆட்டோ ஒன்றை வாங்கி, டவுனுக்கும் டிவிசனுக்கும் இடையே எட்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கிளினிக்குக்கு ஆள் கொண்டுபோவது, சம்பள நாளில் அரிசி, மாவு, சாமானோடு பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே வருவது. அந்த வருமானத்தில்தான் நான் பேராதனையில் படித்து முடித்தேன். இதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அந்த லீவில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனியில் சிமுலேட்டருக்குள் நாங்கள் வைத்திருந்த பாதைகளெல்லாம் கொழும்புப் பாதைகள். மிஞ்சிப்போனால் ஒரு மேம்பாலம். எங்கள் ஏற்றத்தை அளந்து கொண்டுபோனால் என்ன? அண்ணனிடம் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். என் போனை முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டி, உயரமும் தூரமும் பதியும்படி வைத்தோம். டவுனிலிருந்து லயம் வரை நான்கு தரம் ஏறி இறங்கினார். ஒருதரம் வெறும் வண்டி. ஒருதரம் பின்னால் அண்ணியும் பக்கத்துக் காம்பிரா வீட்டு அக்காவும் நானும், மடியில் ஒரு மாவு மூட்டையும். வழியில் நின்றவர்களிடமெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "தங்கச்சி நம்ம ரோட்ட கொழும்புக்குக் கொண்டு போறா!" தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கூட நின்று கேட்டுவிட்டு, "அப்படியே கொங்கிரீட்டும் போட்டுட்டு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்புக்குத் திரும்பி அந்த அளவுகளைச் சரிசெய்து சிமுலேட்டரில் ஏற்றினேன். அதற்கு 'மேல் டிவிசன்' என்றே பெயர் வைத்தேன். வெறும் வண்டியில் ஒரு குறையும் இல்லை. டிரைவரும் ஒரு ஆளும் என்றபோதும் ஏறியது. டிரைவரும் மூன்று பேரும் மூட்டையும் என்று பாரத்தைக் கூட்டினேன். மாரியம்மன் கோயிலுக்குக் கீழே இருக்கிற வளைவில் வேகம் குறைந்தது. மோட்டார் சூட்டைக் காட்டும் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் பெட்டி மோட்டாரைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவுசெய்து சக்தியை ஒரேயடியாகக் குறைத்துவிட்டது. வேகக் கோடு பூச்சியத்துக்கு வந்து, பூச்சியத்துக்குக் கீழேயும் போனது. அதற்கு அர்த்தம் வண்டி பின்னால் உருள்கிறது என்பது. குளிரூட்டிய அறையில், மேசை மேல், ஒரு சின்ன விளக்கு மட்டும் சிவப்பானது. எனக்கு அந்த வளைவில் இடதுபக்கம் இருக்கும் மழைநீர்க் கானும், அதற்கப்பால் இறங்கும் தேயிலைச் சரிவும் கண்ணில் தெரிந்தன.

ஒன்பது தரம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது தரமும் அதே வளைவு.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மாத்தறைப் பக்கத்து ஆள், ஐம்பது வயது இருக்கும். நான் சேர் என்பேன், அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று அர்த்தம். பேச்சு சிங்களத்தில்தான். வரைபடத்தைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா கண்டுபிடிச்சிருக்கீங்க நங்கி. ஆனா இந்த ரோட்டுக்கு நாங்க வண்டி விக்கப் போறதில்ல. முதல்ல கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல். மலைக்கு அடுத்த மொடல்."

"வாங்கினவங்க கொண்டு போனா சேர்?"

"கொண்டு போக வேணாம்னு புத்தகத்துல எழுதுவோம்."

அந்தச் சோதனையின் முடிவுக்கு நேரே 'முதல் விற்பனைக்குப் பொருந்தாது' என்று எழுதப்பட்டது. கண்டுபிடித்தவர் ஒப்புக்கொண்டால்தான் அந்தப் பதிவை மூட முடியும். நான் ஒப்புக்கொண்டு மூடினேன். அன்று அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இன்னும் முப்பதுக்கு மேல் பதிவுகள் திறந்து கிடந்தன.

பிறகு நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போனது. அண்ணன் ஹட்டன் பெட்ரோல் ஷெட்டில் இரண்டு நாள் வரிசையில் வண்டியோடு கிடந்தார். மூன்றாம் நாள் அவர் முறை வர நான்கு வண்டி இருக்கும்போது பம்பை மூடிவிட்டார்கள். அன்று பின்னேரம் வரிசையில் நின்றபடியே எனக்குப் போன் எடுத்தார்.

"பாப்பா, ஒங்க கம்பெனி வண்டி வித்துட்டாங்களாமே? குருநாகல்ல கட போட்டிருக்கானாம். நான் இத குடுத்துட்டு அத எடுக்கலாம்னு பாக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்கண்ணே."

"ஏன்?"

என்ன சொல்வது? சோதனை முடிவுகளை வெளியில் பேசமாட்டேன் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைக் காரணமாகச் சொல்லி நான் பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. உண்மை அது மட்டும் இல்லை. இவ்வளவு படித்து, கொழும்புக்குப் போய், கடைசியில் நாங்கள் செய்த வண்டி நம் வீட்டுக்கு ஏறாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அடுத்த மொடல் இன்னும் நல்லா வரும்" என்றேன்.

"அடுத்த மொடல் வரைக்கும் நான் எத வச்சு ஓட்டறது? ஒங்கிட்ட கேட்டா நீ இப்படித்தான் பயப்படுவேன்னு தெரியும். நீ செஞ்ச வண்டி, எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

இரண்டு வாரம் கழித்துப் போனில் படம் வந்தது. பச்சை நிற ஆட்டோ, முன்னால் சாமந்தி மாலை, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம். பக்கத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உடனே கூப்பிட்டேன்.

"ரெண்டு பேருக்கு மேல ஏத்தாதீங்கண்ணே."

"ரெண்டு பேர ஏத்திக்கிட்டு என்னத்த ஓட்டறது பாப்பா?" என்று சிரித்தார்.

முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. பெட்ரோல் ஆட்டோக்களெல்லாம் நின்றுபோயிருந்த காலம். அண்ணனைத்தான் எல்லோரும் தேடி வந்தார்கள். சத்தமே இல்லாமல் வருகிறது என்று பிள்ளைகள் பின்னால் ஓடுவார்களாம். கம்பெனியில் தேநீர் நேரத்தில் கூட வேலை செய்பவர்களிடம் இதை நான் பெருமையாகக்கூடச் சொன்னேன். நாங்கள்தான் தேவையில்லாமல் பயந்துவிட்டோமோ என்று ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

சம்பள நாளில் வண்டி நின்றது. அண்ணிதான் போனில் சொன்னார். மூன்று பெண்களும் அவர்களுடைய சாமானும். கோயிலுக்குக் கீழே வளைவில் வண்டி இழுக்க மாட்டாமல் நின்று, பின்னால் போகத் தொடங்கியது. அண்ணன் பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கையும் இழுத்து நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் இறங்கித் தள்ளினார்கள். பத்து நிமிடம் ஆறவிட்டால் பெட்டி திரும்பச் சக்தி கொடுக்கும், அப்புறம் ஏறிவிடும். இதை அண்ணனே நாலைந்து தரம் நின்ற பிறகு கண்டுபிடித்துக்கொண்டார்.

தைப்பொங்கலுக்குப் போனபோது டவுனில் அவர்தான் வந்து ஏற்றினார். என்னோடு லயத்து அம்மா ஒருவரும் அவர் மகளும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு இழுப்பு. ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாதி ஏற்றம் வந்தோம். எந்த இடத்தில் கோடு வளையும், எந்த இடத்தில் விழும் என்று எனக்குத் தெரியும். பார்த்துப் பார்த்து மனப்பாடமான கோடு. கோயில் மணிக்கூண்டு தெரிந்ததும் நான் முன்கம்பியை இறுக்கிப் பிடித்தேன். வண்டி நின்றது.

மழை தூறிக்கொண்டிருந்தது. மகளும் நானும் இறங்கினோம். அண்ணன் அந்த அம்மாவிடம், "நீங்க எறங்க வேணாம், ஒக்காருங்க" என்றார். பாரம் குறைந்தால்தானே வண்டி ஏறும் என்று அந்த அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. தானே இறங்கி, குடையை விரித்துக்கொண்டு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். மூச்சு விசில் மாதிரி கேட்டது.

"பரவால்ல தம்பி. ஆறட்டும். எனக்கும் ஆறணும்ல" என்றார்.

அண்ணன் வண்டியின் அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த லீவில் என் லெப்டாப்பை வண்டியில் மாட்டி, பெட்டி தனக்குள் எழுதி வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். சேரிடம் காட்டினேன். சிமுலேட்டர் வரைந்த கோட்டின் மேல் அண்ணன் வண்டியின் கோட்டை வைத்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கிடந்தன. சேர் இரண்டு கோடுகளையும் விரலால் தொடர்ந்து பார்த்தார்.

"இது யாருடைய வண்டி?"

"என் அண்ணனுடைய வண்டி சேர்."

"நீங்க அவருக்குச் சொல்லலியா?"

"இல்ல."

மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு வாரம் அவரே உட்கார்ந்து மென்பொருளை மாற்றி எழுதினார். சூடு ஏறும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைக் குறைப்பது, டிரைவருக்கு விளக்குப் போட்டுச் சொல்வது, மெதுவாகவென்றாலும் உருளாமல் மேலே இழுப்பது. ஒவ்வொரு மாற்றத்தையும் நான் மேல் டிவிசனில் ஓட்டினேன். கடைசி வடிவம் நான்கு பேரோடும் மூட்டையோடும் கோயிலைத் தாண்டியது. நடக்கிற வேகத்தில் தாண்டியது, ஆனாலும் தாண்டியது. நாற்பது தரம் ஓட்டினேன். சேர் எனக்கு மீன் வைத்த மாலு பாண் ஒன்று வாங்கித் தந்தார்.

"அடுத்த மாசம் வந்துரும்ணே. நானே கொண்டு வந்து ஏத்தறேன்" என்று அண்ணனிடம் சொன்னேன். அந்த ஒன்றை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம் கம்பெனி நின்றது. முதல் போட்ட வெளிநாட்டுக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். உதிரிப்பாகம் கொண்டுவர டொலர் இல்லை என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டிச் சொன்னார்கள், திங்கட்கிழமை சிமுலேட்டரைக் குமிழ்த்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதை யாரோ வாங்கிவிட்டார்களாம்.

வண்டிக்குப் புது மென்பொருள் ஏற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கண்டவர்களும் கண்டதை ஏற்றிவிடக்கூடாது என்பதற்காகப் பெட்டியில் ஒரு பூட்டு வைத்திருந்தோம். கம்பெனியின் முத்திரை இல்லாத எதையும் பெட்டி ஏற்காது. அந்த முத்திரையைக் குத்துவது முதல் போட்டவர்களின் வெளிநாட்டு அலுவலகத்தில். புது மென்பொருள் அங்கே போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேர் மூன்று தரம் எழுதிக் கேட்டார். மூன்றாவது கடிதம், அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. கடைசி நாளில் ஒரு பென்டிரைவை என் கையில் வைத்தார்.

"முத்திரை இல்ல நங்கி. ஆனாலும் ஒருக்கா போட்டுப் பாருங்க." அந்த வருடமே அவரும் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட்டார்.

ஏறாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பூட்டை எத்தனை விதமாக உடைக்கலாம் என்று மூன்று வாரம் முயன்று பார்த்து, உடையாது என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். ஆனாலும் போனேன். லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கி, லெப்டாப்பை மாட்டினேன். பின்னேரம் மூன்று மணி இருக்கும். அண்ணன் எனக்கும் லெப்டாப்புக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். முக்கால்வாசி வரை ஏறுவது மாதிரி காட்டிவிட்டு நிராகரித்தது. இன்னொரு தரம் போட்டேன். அதே இடம். மூன்றாம் தரமும்.

"என்னா சொல்லுது?"

"ஏத்துக்க மாட்டேங்குதுண்ணே."

"வேற ஆள் யாரும் இல்லியா, கேட்டுப் பாக்க?"

"இல்லண்ணே. எல்லாரும் போயிட்டாங்க."

அண்ணன் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு நம்ம ரோட்ட அளந்துக்கிட்டுப் போனியே. அந்த மெஷின்ல போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அதுல நிக்கலியா?"

என்னால் பொய் சொல்லியிருக்க முடியும். அவர் நம்பியிருப்பார்.

"நின்னுச்சுண்ணே."

"எங்க?"

"கோயிலுக்குக் கீழ. அதே வளைவுல."

"நான் வாங்கறதுக்கு முந்தியா?"

"ஆமா."

வாசலில் நின்ற அண்ணி உள்ளே போய்விட்டார். அண்ணன் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் குடையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

"மழ கூடுது. லெப்டாப்ப உள்ள எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அன்றிரவு சாப்பாட்டில் நெத்தலிக் கருவாடு இருந்தது. எனக்குப் பிடிக்கும் என்று அண்ணி முதல் நாளே வாங்கி வைத்திருந்தது. காலையில் அண்ணன் என்னை டவுனுக்குக் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். இறக்கத்தில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் பெட்ரோல் திரும்பிவிட்டது. அண்ணனின் வாடிக்கை மற்ற ஆட்டோக்களுக்குப் போய்விட்டது. ஹட்டன் டவுனுக்குள் ஓட்டலாம் என்று போய்ப் பார்த்தார். ஆட்டோக்கள் நிற்கும் பார்க்கில் வெளியாளுக்கு இடம் கொடுக்கவில்லை. சமதரையில் யாருக்காவது விற்றுவிடலாம் என்றால், மூடிப்போன கம்பெனியின் வண்டியை வாங்க ஆள் இல்லை. தார்ப்பாயைப் போட்டு லயத்துக்குப் பின்னால் நிறுத்தினார். மழைக்காலம் முழுவதும் நின்றதில் பேட்டரியும் போயிற்று. கினிகத்தேனையிலிருந்து ஒருவர் வந்து டயரையும் சீட்டையும் கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு போனார். பெட்டி எதற்கும் உதவாது என்று விட்டுவிட்டாராம்.

அண்ணன் இப்போது கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறார். அண்ணி மட்டும் மேலே. எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஏதோ ஒரு நாட்டுக் காரில் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் பெட்டியைச் சோதிக்கிறேன். அந்தக் காரை நான் ஒருநாளும் கண்ணால் பார்க்கப் போவதில்லை.

அண்ணன் வேலை செய்யும் இடத்துக்கு நான் தங்கியிருக்கும் போடிங்கிலிருந்து ஒரே பஸ்தான். இரண்டு தரம் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தித்தோம். கடையில் சோறு சாப்பிட்டோம். அண்ணிக்கு முழங்கால் வலி என்றும், மேல் லயத்தில் கூரை பறந்துவிட்டது என்றும், முதலாளி பரவாயில்லை என்றும் சொன்னார். தோள்பட்டையில் சட்டை தேய்ந்து நூல் தெரிந்தது. நான் என் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சாப்பிட்ட காசை நான் கொடுக்கப் போனேன், விடவில்லை.

அவர் தங்கியிருக்கும் அறை கொச்சிக்கடைப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து இருக்கிறார்களாம். வா, பார்த்துவிட்டுப் போ என்று இதுவரை சொல்லவில்லை. நானும், வரட்டுமா என்று கேட்கவில்லை.